கதவு திறக்காத பயணி

மாநகர ரயிலின் பாதுகாப்பு அதிகாரிகளில் ஒருத்தி யாரைச் சந்தேகப்பட்டாலும், அந்த ஆளுக்கு ரயில் கதவு திறக்காது. மற்றவர்கள் இறங்கிப் போவார்கள். அந்த ஆள் வாசலருகே வந்ததும் கதவு மூடிக்கொள்ளும். அவள் அந்த ஆளின் பையைச் சோதித்து, நாலு கேள்வி கேட்டு, மனசு தெளிந்தால் அடுத்த நிலையத்தில் திறந்துவிடும். இப்படி ஏழெட்டு பிக்பாக்கெட்டுகள் மாட்டியதில் மேலதிகாரிகளுக்கு ஏக சந்தோஷம். அவளுடைய சட்டையில் ஒரு பட்டை கூடியது, ஆட்கள் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவது குறைந்தது. தனிக்கட்டை என்பதால் வீட்டில் கேட்கவும் ஆளில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்த ஒருவன் ஒருநாள் காலையில் ஏறினான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அதுதான் அவன் செய்த ஒரே தப்பு. சீருடையைப் பார்த்தால் எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். சிரிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. பையைத் திறக்கச் சொன்னாள். சில கண்ணாடிச் சட்டங்கள், சாப்பாட்டு டப்பா, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.

"ஒத்தைச் செருப்பு எதுக்கு?"

"வார் அறுந்துபோச்சு மேடம். தைக்கக் குடுக்கணும்."

"இன்னொண்ணு எங்கே?"

"அது நல்லாத்தானே இருக்கு, வீட்ல இருக்கு."

பதிலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அவளை உறுத்தியது. அவன் இறங்க வேண்டிய நிலையத்தில் கதவு திறக்கவில்லை. அன்று மாலையும் திறக்கவில்லை, அந்த மாதமும் திறக்கவில்லை.

கூட்டத்தோடு கூட்டமாக இறங்கப் பார்த்தான். வடிகட்டியில் டீத்தூள் நிற்பதுபோல அவன் மட்டும் உள்ளே நின்றான். பணிமனையில் பெட்டியின் பக்கச் சுவரையே அறுத்தார்கள். அவன் குனிந்து வெளியே கால் வைத்தான், வைத்த இடம் அடுத்த பெட்டியாக இருந்தது. பிறகு நிர்வாகம் சுவரை ஒட்டவைத்து, கடைசி இருக்கையை அவனுக்கு ஒதுக்கியது. அவனைச் சந்தேகப்படக் கூடாது என்று அவளுக்கு உத்தரவும் வந்தது. அவள் முயற்சி செய்யாமல் இல்லை. அவன் வேலை பார்த்த கடையில் விசாரித்தாள். தங்கமான ஆள் என்றார்கள். இவ்வளவு தங்கமாக ஒருவன் இருப்பானா என்று சந்தேகம் ஒரு சுற்றுப் பெருத்தது. அவன் பயணிகளின் கண்ணாடிகளுக்குத் திருகு முடுக்கிக் கொடுத்தபடி வருஷங்களைக் கழித்தான்.

அவனுடைய மனைவி தினமும் மகளோடு நடைமேடைக்கு வந்து சாப்பாட்டைக் கதவு வழியாக நீட்டுவாள். பொருளுக்குத் தடையில்லை, ஆளுக்குத்தான். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வந்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் டப்பாவைக் கொடுத்தனுப்பினாள்.

ஒருநாள் மதியம் நடுப்பெட்டியில் கேட்பாரற்று ஒரு பை கிடந்தது. உள்ளேயிருந்து டிக் டிக்கென்று மெல்லிய சத்தம் வந்தது. நிலையத்தில் ரயிலை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அவனும் ஓடி வந்தான், கதவு மூடிக்கொண்டது. உள்ளே அவன், அந்தப் பை, அவள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு வெளுத்திருந்தது.

"நீங்க எறங்குங்க மேடம். உங்களுக்குத்தான் திறக்குமே."

அவள் இறங்கவில்லை. அவனை இங்கே அடைத்து வைத்திருப்பது தன் மனசுதான் என்று தெரிந்துகொண்டு எந்தக் காலால் இறங்குவது? அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். பாதுகாப்பு வேலைக்கு வந்த பிறகு சோதனைக்காக இல்லாமல் அவள் பிடித்த முதல் கை அது. கதவு திறந்தது. இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். பைக்குள் இருந்தது ஒரு அலாரம் கடிகாரமும் இரண்டு கம்பளிச் சட்டையும்.

அவன் நேராக வீட்டுக்கு ஓடினான். வீட்டுக் கதவு திறக்கவில்லை. மனைவி உள்ளேயிருந்து தாழ்ப்பாளை இழுத்தாள், சுத்தியலால் தட்டினாள், அழுதாள். அவன் படியைவிட்டு விலகியதும் கதவு திறந்தது, மகள் தாராளமாக வெளியே வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் வாசலில் கால் வைத்தால் மட்டும் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. செய்தி கேட்டு அதிகாரி போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மனைவி கேட்டாள்.

"சும்மாவா இத்தனை வருஷம் சந்தேகப்பட்டிருப்பீங்க? ஏதாவது இருந்திருக்கணும்ல? உண்மையைச் சொல்லுங்கக்கா, நான் தாங்கிக்கிறேன்."

"ஒண்ணுமே இல்லம்மா. சிரிச்சாரு, அவ்வளவுதான்."

"யாரைப் பார்த்து?"

அதிகாரிக்கு அந்தக் கேள்வியின் ருசி நன்றாகத் தெரியும்.

அவன் எதிர்வீட்டு மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டான். பகலில் கடைக்குப் போனான், மாலையில் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வேலை முடிந்ததும் அதிகாரியும் வருவாள். ரயிலில் அவன் யாருக்கு எழுந்து இடம் கொடுத்தான், எந்தப் பாட்டை முணுமுணுத்தான், மகளின் பிறந்தநாளன்று எப்படிச் சாப்பிடாமல் இருந்தான் என்று, வேவு பார்த்துச் சேர்த்த எல்லாவற்றையும் ஜன்னல் வழியே சொல்லிக்கொண்டிருப்பாள். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். நடுநடுவே குறுக்கு விசாரணையும் செய்வாள். தெருவுக்கு இது பழகிப்போயிற்று. தபால்காரர் அவனுடைய கடிதத்தை நாற்காலியிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாலை மனைவி டீ டம்ளர்களைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"தாழ்ப்பா இன்னிக்கு ஒரு விரக்கடை நகர்ந்துச்சுக்கா. நாளைக்கும் வந்து சொல்லுங்க."

"மீதியையுமா?"

"சொன்னதையே சொல்லுங்க. மாத்திச் சொல்றீங்களான்னு பாக்கணும்."

அவன் டீயை ஊதிக் குடித்தான்.