சம்பந்தியாக வந்த இஸ்திரி

மருந்துக்கடைக்காரருக்கு உள்ளூர் ஃபுட்பால் அணியின் பயிற்சியாளரைப் பிடிக்காது என்று சொன்னால் அது ரொம்ப மரியாதையான பேச்சாகிவிடும். பல்வலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவரிடம்கூட, அதை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுப்பதற்குள் அந்த ஆளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். "உங்களுக்காவது பல்லுலதான் வலி" என்று ஆரம்பிப்பார். வந்தவரும் அதே அணிக்காக வயிறெரிகிறவர்தான் என்பதால், கடையில் மாத்திரை வாங்க ஆகிற நேரத்தைவிடத் திட்டி முடிக்க ஆகிற நேரம் அதிகம்.

திட்டாமல் என்ன செய்வது? அந்த வருஷம் அணி ஆடியதற்கு ஆட்டம் என்று பெயர் வைப்பதே தப்பு. பந்து நடுக்கோட்டைத் தாண்டினால், பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி எல்லோர் முகத்திலும் கலவரம் வந்துவிடும். உடனே அதைத் திருப்பிப் பின்னால் அனுப்பினால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். நடுவில் ஆடுகிறவனுக்கு ரசிகர்கள் 'ரிட்டர்ன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பந்து வந்தாலும் விலாசம் தப்பி வந்த பார்சல் மாதிரி அனுப்பியவனுக்கே திருப்பிவிடுவான். முன்னால் ஆடுகிற நெட்டையனுக்குப் பெயர் 'ஒட்டகம்'. பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவனைப் போலத் தன்னந்தனியாக நிற்பான். எப்போதாவது பந்து வந்து சேர்ந்தால், இது நமக்குத்தானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்பான். அதற்குள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதையெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் பயிற்சியாளர். மழை பெய்தாலும் சட்டையில் மடிப்புக் கலையாது. ஒரு கையை மோவாயில் வைத்துக்கொண்டு, துணிக்கடை விளம்பரத்துக்கு நிற்கிற மாதிரி நிற்பார். 'இஸ்திரி' என்று அவருக்குப் பெயர் வைத்ததே மருந்துக்கடைக்காரர்தான். பெஞ்சுக்கு நேர் பின்னால், மூன்றாவது வரிசையில் அவருடைய இடம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் உட்காருகிறார். குரலோ, மைக் இல்லாமலே எதிர்க் கேலரிவரை போகிற குரல். "யோவ் இஸ்திரி!" என்று அவர் ஒரு தடவை கத்த, ஒரே மாதத்தில் மைதானம் முழுக்க அதே பெயர் பரவிவிட்டது.

தோற்றுவிட்டு நிருபர்களிடம் பேசும்போதுதான் அந்த ஆள் உச்சத்துக்குப் போவார். ஆட்டம் தங்கள் கட்டுப்பாட்டில்தான் இருந்தது, பந்து அதிக நேரம் தங்களிடம்தான் இருந்தது என்பார். முகத்தில் ஒரு வருத்தம் இருக்காது.

"சளிகூடத்தான் என்கிட்ட ஒரு வாரமா இருக்கு. அதுக்குக் கப்பு குடுப்பாங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்தே கேட்பார். கடையே சிரிக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும், மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. அதே ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிற ஒருவரைப் பிடித்திருக்கிறது, அவரையே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றாள். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றதில், மனைவிக்கு விஷயம் முன்பே தெரியும் என்பது அவருக்குப் புரிந்தது. கோபப்பட ஒன்றும் இல்லை. லேப் என்றால் நம் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்தான் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பையனின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"விளையாட்டுத் துறையில இருக்காரு" என்றாள் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே.

எந்த விளையாட்டு என்று கேட்டார். ஃபுட்பால் என்று பதில் வந்தது. எந்த டீம் என்றும் கேட்டார். உலகத்தில் எத்தனையோ டீம் இருக்க, மகள் கொண்டுவந்து நிறுத்தியது இஸ்திரியின் மகனை.

அன்று சாயங்காலம் அவர் மகளைக் கூப்பிட்டார். வேறு ஆளே கிடைக்கவில்லையா, எதிர் டீம் கோச்சின் மகனாக இருந்தால்கூடப் பெருமையாகக் கொடுப்பேனே என்று ஆரம்பித்தார். அந்த வம்சத்தில் பிறக்கிற குழந்தை முன்னால் தவழுமா, பின்னால் தவழுமா என்றுகூடக் கேட்டார்.

மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, நான் அவரைத்தான் கட்டிக்கப் போறேன். அவங்க அப்பாவோட ஃபார்மேஷனை இல்ல" என்றாள்.

பையனை நேரில் பார்த்த பிறகு அவரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அடக்கமான பையன். சொன்ன நேரத்துக்கு வந்தான். ஃபுட்பால் பற்றிக் கேட்டதற்கு, ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தனக்குப் புரியவில்லை என்று கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான். அது அப்பனிடமிருந்தே வந்த குறையாக இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். ஆனால் சொல்லவில்லை. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச ஒரு நாள் குறித்தார்கள். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தால் சாப்பிடுவதற்கு மட்டும்தான் திறக்க வேண்டும்.

அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தன் முகத்தை அந்த ஆள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் குரல்? அதனால் தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு நாடகம் போட்டார். கழுத்தில் மஃப்ளர். பேச்சு எல்லாம் காற்றாகத்தான் வந்தது.

முந்தின நாள் ஆட்டத்தில் அணி நாலு கோல் வாங்கியிருந்தது. அதற்காக இஸ்திரியின் சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்திருக்கவில்லை. வந்தார், கும்பிட்டார், சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டை கட்டியிருக்கிறது என்று கேட்டதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லி மருந்துக்கடைக்காரருக்கே வைத்தியம் சொன்னார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தேதி, ஹால், எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று பெண்கள் இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் சட்டுச்சட்டென்று முடித்துவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. டீயும் பிஸ்கட்டும் வந்தன.

ஃபுட்பாலை இழுத்தது இஸ்திரிதான். நேற்றைய தோல்வியை யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றார். கோல் போடுவது பெரிய விஷயமே இல்லை, அது தானாக வரும் என்றார். விளக்குகிறேன் என்று சொல்லி, தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். டீப்பாத்திரம்தான் கோல்கீப்பர். பிஸ்கட் ஒவ்வொன்றாக நகர்ந்தது. இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் எல்லாப் பிஸ்கட்டும் டீப்பாத்திரத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்க, ஒரே ஒரு பிஸ்கட் மட்டும் மேஜையின் மறுகோடியில் கேட்பாரற்றுக் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் மஃப்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இஸ்திரி மோவாயில் கைவைத்து யோசித்தார். நடுவில் இருந்த பிஸ்கட்டைத் தொட்டார், முன்னால் கொஞ்சம் நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி பின்னால் இழுக்கப் போனார்.

"முன்னாடி தள்ளுய்யா!"

கூடம் அதிர்ந்தது. இஸ்திரியின் விரல் பிஸ்கட்மேலேயே நின்றுவிட்டது. மெதுவாக நிமிர்ந்து மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்.

"மூணாவது வரிசை" என்றார். "நீங்கதானா அது?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மனைவி டீப்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் வெளியே வாங்க என்று சொல்லி இஸ்திரி பால்கனிக்கு நடந்தார். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் மருந்துக்கடைக்காரர் பின்னால் போனார். மகளுக்காக மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருந்தார்.

ஆனால் இஸ்திரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். உங்களைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். தன் உதவியாளர்கள் எல்லோரும் தான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள், மனசில் பட்டதை உடைத்துச் சொல்கிற ஒரே குரல் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கிறது, அதைத்தான் இந்த வருஷம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். ஒட்டகத்தைத் தூக்கு என்று கத்தினீர்கள், தூக்கினேன். ஒட்டகம் எங்கே என்று கத்தினீர்கள், அடுத்த ஆட்டத்தில் இறக்கினேன். நேற்று டிஃபென்ஸில் ஒரு ஆளைக் குறைத்து முன்னால் போடச் சொன்னீர்கள்.

"குறைச்சேன்" என்றார் இஸ்திரி. "நாலுல மூணு கோல் அதுக்கப்புறம்தான் வாங்கினோம்."

மருந்துக்கடைக்காரருக்கு முதலில் ஜிவ்வென்று ஒரு பெருமை ஏறியது. இத்தனை வருஷக் கத்தலுக்கு ஒரு பலன். அந்தப் பெருமை பால்கனிக் கம்பியைப் பிடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. டிஃபென்ஸைத் திறந்துவிட்டான் மடையன் என்று நேற்று வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தது அவர்தான். அப்படிச் செய்யச் சொல்லிக் கத்தியதும் தான்தான் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவர் என்னத்தைத்தான் கத்தவில்லை? கோபம் வந்தால் கத்துவார். பத்து நிமிஷம் கழித்து அதற்கு நேர்மாறாகக் கத்துவார். கேலரி என்பது அதற்குத்தானே இருக்கிறது?

தான் சொல்வதைக் கேட்காத முட்டாள் என்று இத்தனை நாள் அந்த ஆளை வெறுத்துக்கொண்டிருந்தார். கேட்கிற முட்டாள் என்று தெரிந்ததும் வந்த வெறுப்புக்கு முன்னால் அந்தப் பழைய வெறுப்பு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

"சார்" என்றார், சொந்தக் குரலில். "நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். ரோட்டுல போற எவனோ ஒருத்தன் வாசல்ல நின்னுக்கிட்டு அந்தச் செவப்பு மாத்திரையைக் குடுன்னு கத்தினா, எடுத்துக் குடுத்துடுவேனா?"

இஸ்திரி யோசித்தார். அவமானப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"இல்ல, நீங்க ரொம்ப உறுதியா கத்தினீங்க" என்றார்.

அன்று இரவு படுக்கும்போது மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார். அந்த மனுஷனுக்கு முதுகெலும்பே கிடையாது, சட்டைக்குப் போட்ட கஞ்சியில்தான் நிற்கிறான் என்றார். மனைவி போர்வையை இழுத்துக்கொண்டு, தன் பெண்ணுக்கு அப்படிப்பட்ட மாமனார் கிடைத்தது அதிர்ஷ்டம், யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு அவர் வாயைப் பூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் வழக்கமாக உட்காருகிற எலக்ட்ரீஷியன், உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஆட்டம் வழக்கம்போல நாறியது. ரிட்டர்ன் பின்னால் தட்டினான். ஒட்டகம் ஸ்டாப்பில் நின்றது. எதிர் அணி சாவகாசமாக வந்து ஒரு கோலைப் போட்டுவிட்டுப் போனது. அப்போது ஓரத்தில் நின்றிருந்த இஸ்திரி திரும்பி, மூன்றாவது வரிசையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மருந்துக்கடைக்காரர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இஸ்திரி மறுபடி திரும்பினார். இவர் வானத்தைப் பார்த்தார். குழந்தை ஸ்கூல் வாசலில் அம்மாவைத் தேடுகிற மாதிரி அந்த ஆள் திரும்பித் திரும்பிப் பார்க்க, பெஞ்சில் இருந்தவர்களும் யாரைப் பார்க்கிறார் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மருந்துக்கடைக்காரரால் அதற்குமேல் முடியவில்லை. எழுந்து நின்றார்.

"யோவ், உன் இஷ்டத்துக்கு ஏதாவது பண்ணித் தொலைய்யா!"

இஸ்திரியின் முகம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அவரவர் இஷ்டத்துக்கு ஆடுங்கள் என்று ஆட்டக்காரர்களிடம் கத்தினார். மருந்துக்கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அங்கே ரிட்டர்ன் காலில் பந்தோடு திகைத்துப்போய் நின்றான். இஷ்டம் என்று ஒன்றை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் ஒரு உதை விட்டான். பந்து நேராகப் போய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒட்டகத்தின் முதுகில் பட்டு, கோலுக்குள் உருண்டது. கேலரியில் ஒரு கணம் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

இதைத்தான் வாரம் முழுக்கப் பயிற்சியில் செய்து பார்த்தோம் என்று நிருபர்களிடம் சொன்னார் இஸ்திரி.

ஆட்டம் சமனில் முடிந்தாலும் அணியை அது காப்பாற்றவில்லை. அந்த வருஷக் கடைசியில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. இஸ்திரியை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. கல்யாணம் மட்டும் குறித்த தேதியில், குறை சொல்ல முடியாதபடி நடந்தது. மாப்பிள்ளை கிடைத்ததில் மருந்துக்கடைக்காரருக்கு நிஜமாகவே சந்தோஷம். சம்பந்தி கிடைத்ததைப் பற்றிக் கேட்டால், "பந்துக்குப் பதிலா பந்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொள்வார்.

வேலை போன சம்பந்திக்குச் சனிக்கிழமைகளில் செய்ய ஒன்றும் இல்லை. எலக்ட்ரீஷியனை ஒரு இடம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் அவரையும் கூட்டிக்கொண்டு போனார். மகள் கேட்டுக்கொண்டதால்தான். புதுப் பயிற்சியாளரும் லேசுப்பட்டவர் இல்லை. பந்து நடுக்கோட்டருகே வந்து மூன்று தடவை திரும்பிப் போனது. சம்பந்தி கஞ்சி போட்ட சட்டையில் அசையாமல் இருந்தார். பிறகு மருந்துக்கடைக்காரரின் காதருகே சாய்ந்தார்.

"முன்னாடி போடச் சொல்லிக் கத்தட்டுமா?" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பந்து கோல்கீப்பரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"கத்துறதுக்குமா என்னைக் கேக்கணும், சம்பந்தி?" என்றார்.