நாற்காலியை நகர்த்தியவர்

ரூடி பெத்ராஸ்கா அந்தச் சிவப்புக் காரை ஆகஸ்ட் மாதத்தில் வாங்கினார். அதுதான் வினை. ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் எந்தக் கார்தான் மேடு ஏறாது? நாலு கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, பின்சக்கரங்களை உதைத்துத் தள்ளும் இன்ஜின். போலிஷ் ஹில் மேட்டில் எங்கள் தெருவுக்குள் அது உறுமிக்கொண்டு நுழைந்தால் ஜன்னலோரப் பூந்தொட்டிகள் அரை அங்குலம் நகரும். எதிர்வீட்டுப் பூனை வீட்டைக் காலி செய்துகொண்டு அடுத்த தெருவுக்கே போய்விட்டது.

ரூடி வாழ்நாள் பூராவும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நவம்பர் பிறந்ததும் அவர் மனைவி மார்லீன் ஆரம்பித்தாள்.

"பனி டயர் மாத்தப் போறியா இல்லையா?"

"அந்தத் தடி டயரைப் போட்டா, கல்யாண மாப்பிள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்டி. பனியைப் பத்தி எனக்கா சொல்றே? நான் ஓட்டாத பனியா?"

"நீ ஓட்டினது பஸ். இது செருப்பு மாதிரி இருக்கு."

ஜனவரியில் பனி கொட்டியது. சாதாரணப் பனி இல்லை. தபால்காரர் ஒரு வீட்டுப் புகைபோக்கிக்குள் கடிதம் போட்டுவிட்டு, கதவு சின்னதாகிவிட்டதே என்று யோசித்தாராம். அன்று மதியம் ரூடி கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார். கார் பாதி மேடு ஏறியது. அப்புறம் பின்சக்கரங்கள் சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. கார் மட்டும் மரியாதையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாலாவது முயற்சியில் எப்படியோ தொற்றி ஏறி, மேட்டில் இருந்த ஒரே சமதளமான இடத்துக்கு எதிரே வந்து மூச்சு வாங்கி நின்றது.

அந்த இடம் சுத்தமாகப் பனி வாரப்பட்டிருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் நாற்காலி.

எங்கள் தெருவில் பனியை வாரி இடம் செய்தவன் அங்கே வீட்டு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். அவன் திரும்பி வரும்வரை அந்த இடம் அவனுடையது. போலீஸ் சொன்னால் நாங்கள் யோசிப்போம். நாற்காலி சொன்னால் கேட்போம். ஒரு வருஷம் நாற்காலிக்காரர் ஒருவர் இறந்தே போனார். ஜூலை வரை அந்த இடத்தில் ஒருத்தரும் வண்டி நிறுத்தவில்லை. நாற்காலியை நகர்த்தினவனுடைய காரில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். காலையில் கார் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி உறைந்து நிற்கும். அப்படி உறைந்த கார் ஒன்று ஈஸ்டரன்று உருகியபோது உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு.

மஞ்சள் நாற்காலி பக்கத்து வீட்டு ஸிக்கியுடையது. ஸிக்கி வால்சாக், ரூடியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

"அஞ்சு நிமிஷம்," என்று ரூடி நாற்காலியிடமே சொன்னார். "வீட்டுக்குப் போய் மணல் எடுத்துட்டு வந்துடறேன்." நாற்காலியைத் தூக்கி நடைபாதையில் வைத்தார். காரை விட்டார். வீட்டில் மார்லீன் சூடாக முட்டைக்கோஸ் சூப் வைத்திருந்தாள். அதைக் குடித்துவிட்டு ஒரு நிமிஷம் சோபாவில் சாய்ந்தார்.

தெருவில் சத்தம் கேட்டுத்தான் விழித்தார். திரையை விரலால் விலக்கிப் பார்த்தார். மேலே நிறுத்த இடமில்லாமல் அடிவாரத்தில் ஸிக்கியின் வண்டி குறுக்கே நின்றது. ஸிக்கி அன்று காலை பனி வாரியது எதற்கு என்று அப்போதுதான் ரூடிக்கு நினைவு வந்தது: அவன் மனைவி ஐரீன் இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாள் அது. ஐரீன் அந்த மஞ்சள் நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஸிக்கி ஒரு பக்கம், பனி உருக ரோட்டில் உப்புத் தூவும் வண்டியின் டிரைவர் மறுபக்கம். நாற்காலியைப் பல்லக்குபோல் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்கள். வழியெல்லாம் ஜனங்கள் வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்கள். சிவப்புக் காரைத் தாண்டும்போது ஐரீன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள். அப்புறம் நேராக ரூடியின் ஜன்னலைப் பார்த்தாள்.

ரூடி திரையை விட்டுவிட்டார்.

மறுநாள் காலை உறைந்த காரை எதிர்பார்த்து வெளியே வந்தார். கார் மேல் ஒரு துளி பனி இல்லை. ஸிக்கி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"டேய் ரூடி, உன் வண்டியைத் துடைச்சுவிட்டேன். பெயின்ட்ல கீறல் விழாம மெதுவாத்தான் செஞ்சேன். டிக்கியில ரெண்டு மூட்டை மணல் போட்டிருக்கேன், பின்னாடி கனம் இருந்தா வழுக்காது."

"ஸிக்கி... நேத்து அந்த..."

"நேத்து என்னடா நேத்து? போ, சூடா காபி குடி."

அன்றிலிருந்து ரூடிக்குச் சோறு இறங்கவில்லை. ஸிக்கி விடவில்லை. கதவுப் பூட்டு உறைந்தால் லைட்டரோடு வந்தான். சக்கரம் சிக்கினால் தோள் கொடுத்துத் தள்ளினான். ஐரீன் ஒரு தட்டு நிறைய பியரோகி, அதுதான் போலந்துக் கொழுக்கட்டை, செய்து அனுப்பினாள். ஒவ்வொன்றும் தொண்டையில் கல் மாதிரி நின்றது. காரும் சும்மா இருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே வழுக்கி, இரண்டு திருப்பங்களை ஒழுங்காகத் திரும்பி, சர்ச் வாசலில் போய் நின்றது. மூன்று வாரம் இப்படியே நடந்தது. வண்டி உங்களைவிட ஒழுங்காகப் பூசைக்கு வருகிறதே என்று சாமியார் சொன்னார். உப்பு படிந்து சிவப்பு வெளுத்தது. கதவுகள் உறைந்து ஒன்றுதான் திறந்தது, அதுவும் பின்கதவு. ரூடி சீட்டுக்கு மேலாகத் தவழ்ந்துதான் ஸ்டீயரிங்குக்குப் போனார். அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

கடைசியில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

"ஃபாதர், நான் ஒரு நாற்காலியை நகர்த்திட்டேன்."

சாமியார் வலைத்தட்டிக்குக் காதைக் கொண்டுவந்தார். "பனியில வெச்ச நாற்காலியா?"

"ஆமா ஃபாதர்."

"ரூடி, திருட்டு, பொய், குடி, இதெல்லாம்னா நான் பாத்துக்குவேன். இது என் அதிகாரத்துக்குள்ள வராது. போய் நாற்காலிக்காரங்ககிட்டயே சொல்லுங்க."

சொல்ல தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக ரூடி வேறொன்று செய்தார். பிப்ரவரி கடைசியில், ஒரு விடியாத காலையில், மார்லீன் எழுவதற்கு முன்னால், சமையலறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து தன் காரின் மேல் தானே ஊற்றினார். விளக்கு, கண்ணாடி, கைப்பிடி எதையும் விடவில்லை. பொழுது விடிந்தபோது கார் ஒரு பெரிய பனிக்கட்டிக்குள் செர்ரிப் பழம்போல இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு ரூடி நாலு முட்டை சாப்பிட்டார்.

பத்து மணிக்குள் தெருவே கூடிவிட்டது. எல்லாரும் ஸிக்கியின் முதுகில் தட்டினார்கள்.

"ஆம்பளைடா நீ! இவ்வளவு நாள் கழிச்சு அடிச்சே பாரு!"

"நான் இல்லைடா!"

"ஆமாமா, நீ இல்லை. மழை பெஞ்சுது."

மறுநாள் சாயங்காலம் ஸிக்கி கொதிக்கும் கெட்டிலோடு வந்து பனிக்கட்டியை உருக்க ஆரம்பித்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரூடி, சத்தியமா நான் ஊத்தலை. ஐரீன் நம்ப மாட்டேங்கறா. 'உன்கிட்ட என்ன சொன்னேன், என்ன செஞ்சுவெச்சிருக்கே'ன்னு சோபாவுக்குத் துரத்திட்டா. அந்த சோபா பூனைக்கே பத்தாதுடா. எவன் ஊத்தினான்னு தெரிஞ்சா அவகிட்ட வந்து சொல்லச் சொல்லு."

ரூடி கெட்டிலை வாங்கிக்கொண்டார். மீதிப் பனிக்கட்டியின் மேல் தானே ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பிறந்துவிட்டது, வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் மீன் வறுவல். ஊரே தட்டோடு வரிசையில் நின்றது. ஐரீன் கோஸ் சாலட் பரிமாறும் மேஜைக்குப் பின்னால், அந்த மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்; சர்ச் நாற்காலி அவள் இடுப்புக்கு ரொம்பத் தாழ்வு. ரூடியின் முறை வந்தது.

"ஐரீன், ஸிக்கி ஊத்தலை. நான்தான் ஊத்தினேன்."

கரண்டி நின்றது. "உன் கார் மேல நீயே ஊத்திக்கிட்டியா?"

"ஆமா. அன்னிக்கு நாற்காலியை நகர்த்தினதும் நான்தான். உன்னைத் தூக்கிட்டு வந்ததை ஜன்னல்லேர்ந்து பாத்தேன். இறங்கி வரலை."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் வாயில் மீனோடு மெல்லாமல் நின்றார்கள்.

"தெரியுமே," என்றாள் ஐரீன். "அன்னிக்கே தண்ணி ஊத்தறேன்னு ஸிக்கி குதிச்சான். நான்தான் தடுத்தேன். ஊத்திட்டா சரிக்குச் சரியாயிடும், நீ நிம்மதியா தூங்குவே. நீ தூங்கக் கூடாதுன்னுதான் துடைச்சு விடுடா, தள்ளி விடுடா, மணல் போடுடான்னு தினமும் அனுப்பிவெச்சேன். பியரோகி நல்லா இருந்துச்சா?"

"இறங்கலை."

"அதுக்குத்தான் செஞ்சேன்." சாலட்டை அவர் தட்டில் போட்டாள். "சரி. என் இடுப்பு சரியாகற வரைக்கும் இந்த நாற்காலியை ஒரு பக்கம் நீ தூக்கு. வெள்ளிக்கிழமை, ஞாயித்துக்கிழமை. இன்னியிலேர்ந்து. அந்த உப்பு வண்டிக்காரன் குலுக்கறான்."

அன்று மீன் விருந்து முடிந்ததும் ரூடி ஒரு பக்கம், ஸிக்கி மறுபக்கம். மேடு ஏறினார்கள். பாதியில், "இந்த வண்டி மேடு ஏறுதுடா" என்றான் ஸிக்கி. ரூடிக்குச் சிரிப்பு வந்து நாற்காலி குலுங்கியது. ஐரீன் அவர் காதைத் திருகினாள்.

பனி போயிற்று. ஈஸ்டர் போயிற்று. சிவப்புக் காரை ரூடி கழுவி, உப்பைச் சுரண்டி, மறுபடி உறும வைத்தார். பூந்தொட்டிகள் மறுபடி நகர்ந்தன.

மே மாதம் ஒரு காலை, ரூடி திரையை விலக்கிப் பார்த்தார். பக்கத்தில் ஸிக்கி வீட்டுச் சமையலறையில் ஐரீன் ஏணிப்படியில் ஏறி நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்ததும் ரேடியோவுக்கு ஏற்ப இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, கீழே குதித்தாள்.

ரூடி திரையை விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு மணியடித்தபோது, அவள் வாசலில் நாற்காலியில் கம்பளி போர்த்தி முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு வலி எப்படி இருக்கு ஐரீன்?"

"கொஞ்சம் ஜாஸ்தி."

"மெதுவாத்தான் தூக்கறேன்," என்று சொல்லி, ரூடி தன் பக்கத்தைப் பிடித்தார்.