இஸ்திரிப் பெட்டி அணைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் என் கால்சட்டையைச் சுருக்கித் தைத்த தையல்காரம்மா. கொடுக்கும்போதே நிபந்தனை போட்டார்: "எழுதுங்க. ஆனா அழுமூஞ்சிக் கதையா எழுதிடாதீங்க. நாங்க சிரிச்சுத்தான் தேறினோம்."

ஆகவே முதல் தொடக்கத்தை அடித்துவிட்டேன். அது இப்படிப் போயிற்று: "இருண்ட அறையில், நடுங்கும் விரல்களோடு அவள்..."

(அறையில் நல்ல வெளிச்சம். விரல் நடுங்கினால் ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி?)

2

நடந்தது இதுதான். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று மனம் பிறாண்டும்.* திரும்பி வந்து பார்ப்பார். அணைந்திருக்கும். மறுபடி தெருமுனை, மறுபடி பிறாண்டல். மகள் பள்ளி மேடையில் டிரம் வாசித்த இரண்டு முறையும் இவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கணவர் எலக்ட்ரீசியன். பெட்டி அணைந்தால் தானும் அணைகிற சிவப்பு விளக்கு ஒன்றை, தெருவிலிருந்து தெரியும்படி கடை ஜன்னலில் மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து தையல்காரம்மாவுக்கு இரண்டு கவலை: பெட்டி அணைந்ததா, பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதா?

(இவ்வளவு நல்ல கணவர் கதைக்கு ஆகாது என்று அவரைக் குடிகாரராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. போகட்டும், நல்லவராகவே இருக்கட்டும்.)

* அவருடைய சொல். நான் 'சந்தேகம்' என்று திருத்தினேன். "சந்தேகம்னா பதில் சொன்னா போயிடும். இது பூனைங்க," என்றார். பழைய சொல்லையே வைத்துவிட்டேன்.

3

கடைசியில் போய்ப் பார்த்த மனநல ஆலோசகர் முதல் வேலையாக விளக்கைக் கழற்றச் சொன்னார். பிறகு பயிற்சி. ஒரே முறை அணைக்க வேண்டும், கிளம்ப வேண்டும், திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. முதலில் பக்கத்துக் கடை வரை, அப்புறம் தெருமுனை வரை, அதையும் தாண்டி.

"பயம் வருமே, மேடம்?"

"வரட்டும். கூடவே நடக்கட்டும். நீங்க திரும்பலைன்னா அதுக்கே கால் வலிச்சு நின்னுடும்."

கணவருக்கும் ஒரு கட்டளை: மனைவி கேட்டால் 'அணைச்சுட்டே' என்று ஆறுதல் சொல்லக் கூடாது, 'தெரியாது' என்றே சொல்ல வேண்டும். மனிதர் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்.

"ஏங்க, பால் காய்ஞ்சுடுச்சா?"

"தெரியாது. காய்ஞ்சிருக்கலாம், காயாமலும் இருக்கலாம்."

"நமக்குக் கல்யாணமாவது ஆச்சா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

தையல்காரம்மா அளவு நாடாவாலேயே ஒரு அடி போட்டார். மனதைப் பிறாண்டும் அந்தப் பூனையை நினைத்து அவர் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

4

மூன்றாவது கச்சேரி. "அம்மா, முதல் அடிக்கே நீ இருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் பள்ளிக்குப் போனாள்.

மாலையில் தையல்காரம்மா கடையைப் பூட்டினார். கணவரும் கூடக் கிளம்பினார். தெருமுனை. பிறாண்டல்.

"ஏங்க, அணைச்சேனா?"

கணவருக்கு ஆறுதல் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. "தெரியாதும்மா."

ஒரு கால் திரும்பியேவிட்டது. "எனக்கும் தெரியாது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அவர் பஸ்ஸை நோக்கி நடந்தார். ஏறும்போது நெஞ்சு படபடத்தது. இறங்கும்போது அவ்வளவு இல்லை.

திரை விலகியது. மகள் நிமிர்ந்தாள். முன்வரிசையில் அம்மா! சந்தோஷத்தில் முதல் அடியே தாளம் தப்பியது. தையல்காரம்மா மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்று: மறுநாள் கடையைத் திறந்தால், பெட்டி சில்லென்று... இன்னொன்று: தெருவில் புகை நாற்றம்...

இரண்டையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் உங்களுக்குப் பதிலாக நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும். ஜன்னலில் மாட்டிய சிவப்பு விளக்காக இருக்க எனக்கு விருப்பமில்லை.

கடையைப் பூட்டினார் என்று எழுதினேன். பெட்டியை அணைத்தார் என்று எழுதினேனா? மேலே போய்ப் பார்க்கத் தோன்றும். தோன்றட்டும். என்னைக் கேட்டால், தெரியாது.

கச்சேரி இன்னும் முடியவில்லை. முன்வரிசையில் அவருக்கு ஒரு பக்கம் கணவர்; மறுபக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.