தங்கைக்கு நான் எழுதிக்கொடுத்த பயம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. சொன்னவன் நானேதான், வேறு யாரையும் குறைசொல்ல வழியில்லை. முதல் வரைவு இப்படி இருந்தது:

‘முகாமை விட்டு வந்து பன்னிரண்டு வருடமாகியும் தனுசியாவுக்குப் பயம் போகவில்லை. வெளியூரில் ஓர் இரவு தங்கவும் அவள்…’

(அதற்குமேல் ஓடவில்லை.)

தனுசியா என் தங்கை. மன்னாரில், கீரிக் கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறாள். கொழும்பில் பத்து நாள் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. முடித்துவிட்டு வந்தால் சொந்தமாகக் கராஜ் போடலாம். போகாவிட்டால் காலம் முழுக்க அடுத்தவனுடைய கராஜில் கூலிக்கு நிற்கவேண்டியதுதான்.

2

வரைவை அவளிடம் கொடுத்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே வாசித்தாள்.

“அண்ணா, இதில பயப்பிடுறது நானில்லையே. நீங்கள்தானே.”

கதாபாத்திரம் எழுத்தாளனைத் திருத்துவதா? இரண்டு நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

3

இனி உண்மை. தமிழ்நாட்டு அகதி முகாமில் மாதம் ஒருமுறை அதிகாரிகள் வந்து தலை எண்ணுவார்கள். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பதில் சொல்கிறவன் நான். ‘தனுசியா எங்கே?’ என்றால் உடனே ஆளைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பணமும் அரிசியும் தரும் அட்டையில் அவள் பெயரை வெட்டிவிடுவார்கள். அந்தக் காவல் அங்கே தேவையாகத்தான் இருந்தது. அதை நான் பழிக்கமாட்டேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். முகாம் பழக்கமும் அப்படித்தான் போலும். மன்னாருக்குத் திரும்பிய பிறகும், அவள் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்காது. பக்கத்திலிருக்கிற பேசாலைக்கு அவள் போனாலும் மூன்று தரம் போன் எடுப்பேன். இதை அண்ணன் பாசம் என்று எழுதிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

[இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: இதற்குமுன் இரண்டு பயிற்சிகளுக்கு அவளை அழைத்தார்கள். ‘அவளுக்குப் பயம், வரமாட்டாள்’ என்று இரண்டு முறையும் நானே பதில் சொல்லி அனுப்பினேன்.]

4

கதைக்கு ஒரு முடிவு தயாராக வைத்திருந்தேன். அண்ணன் மனம் மாறுகிறான், தங்கையின் தலையில் கைவைத்து அனுமதி கொடுக்கிறான், இருவரும் அழுகிறார்கள்.

தனுசியா இதையும் வாசித்தாள்.

“உங்களிட்ட ஆர் அனுமதி கேட்டது?”

முழுவதையும் வெட்டிவிட்டேன்.

5

திங்கட்கிழமை காலை பஸ் ஏறினாள். ஒவ்வொரு நாளும் போன் எடுக்கமாட்டேன், நீங்களும் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். என் தங்கை அப்படிச் சொல்லக்கூடியவளாக வளர்ந்திருக்கிறாள் என்பதில் எனக்குச் சரியான பெருமை. வளர்த்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

இன்று வியாழக்கிழமை. பின்னேரம் பக்கத்து வீட்டு வின்சன்ட் அண்ணை வேலியோரம் நின்று கேட்டார்.

“தங்கச்சி இப்ப எங்க நிக்கிறா?”

நாலு நாளாக நான் போனைத் தொடவில்லை. வகுப்பில் இருக்கிறாளோ, கடைத்தெருவில் சுற்றுகிறாளோ, காலிமுகத்திடலில் காற்று வாங்குகிறாளோ…

“தெரியாது அண்ணை,” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். இந்தப் பதிலை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன்.

வாசகரே, நீங்களும் கேட்பீர்கள்: பயிற்சியை முடித்தாளா? கராஜ் திறந்தாளா? சும்மா நாலு வரி எழுதி முடித்துவைக்க எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளுக்காகப் பதில் சொல்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். அவள் வருவாள். விருப்பமிருந்தால் சொல்லுவாள்.