காயாத கிண்ணங்கள்

ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் அக்கா அன்று மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. முந்தின மாலை கழுவிய பீங்கான் கிண்ணங்களை அவள் சூட்டுப் பெட்டியில் ஒரு மணி நேரம் உலர்த்தியிருக்க வேண்டும். வெளியூரிலிருந்து தங்கை வந்திறங்கும் அவசரத்தில், துணியால் ஒரு துடை துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பூட்டிவிட்டு ஓடிவிட்டாள். மேலுக்குப் பளபளத்த கிண்ணங்கள் அடியில் ஈரத்தைக் குடித்துவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருந்தன.

காலையில் மாணவிகள் அவற்றில் இரண்டு கிராம் சமையல் சோடாவை இட்டுச் சூடேற்றினார்கள். சோடா சிதைந்து, வாயு வெளியேறி, எடை முக்கால் கிராம் குறைய வேண்டும். முப்பது பேருக்கும் ஏறக்குறைய ஒரு கிராம் குறைந்தது!

திருத்திய நோட்டுகளை அடுக்கும்போது 'பிழைக்கான காரணங்கள்' என்ற பகுதி அவள் கண்ணில் பட்டது. 'சூடு ஆறுமுன் எடை போட்டிருப்பேன்', 'கை தவறித் தூளைச் சிந்தியிருப்பேன்' என்று ஆளாளுக்குப் பழியைத் தம் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், 'கிண்ணம் ஈரமாக இருந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தாள். அதன்மேல் ஆசிரியரின் சிவப்புக் கோடு: 'வீண் சாக்கு. தேர்ச்சி இல்லை.' ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். இம்முறையும் தவறினால் படிப்பே நின்றுவிடும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்கும் தெரியாது என்றது மனம். கால்கள் ஆசிரியர் அறைக்கு நடந்தன.

"சார், கிண்ணத்த நான் காயவைக்கல."

"அந்தப் பொண்ணுக்காகப் பரிஞ்சு பேசறீங்களாக்கும்! இத்தன வருஷத்துல நீங்க என்னைக்கும்மா தப்பு பண்ணியிருக்கீங்க?"

அந்த நற்பெயர்தான் அவளைச் சுட்டது. "நேத்து பண்ணேன், சார். எடை போட்டுத்தான் பாருங்களேன்."

யாரும் தொடாமல் மிஞ்சியிருந்த கிண்ணம் ஒன்றை அவர் எடை போட்டார்; வெறுமையாகவே சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் போட்டார். கால் கிராம் குறைந்திருந்தது.

ஆசிரியர் தராசை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். "நானும் கிண்ணத்தப் பாக்காமலே நோட்டுல கையெழுத்துப் போட்டேன்... அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க போங்க."

"வேணாம் சார். நானே சொல்றேன்."

வகுப்பு வாசலில் அவள் நின்றதும் முப்பது முகங்களும் திரும்பின. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணுங்களா, உங்க தப்புன்னு எழுதினத எல்லாம் அடிச்சிடுங்க," என்றாள். "என் பேர எழுதிக்கோங்க."