வாணலியில் யார் பெயர்

ஜாச்சிந்தாவின் சாப்பாட்டுக் கடையில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், கரி பிடித்த வாணலி ஒன்று தொங்கும். ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் குறி தவறியவர் யாரோ அவர் பெயரை அதன் அடிப்பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார்கள். பெயர் ஏறியவர் அன்றைக்கு எல்லாருடைய தட்டையும் கழுவ வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் 'தவறிப் போச்சு' என்று யாரும் நாசூக்காகச் சொல்வதில்லை. வெடிச் சத்தம் கேட்டும் பறவை விழாவிட்டால், இந்த மேட்டிலிருந்து அந்த மேடு வரைக்கும் "வாணலி!" என்று கத்துவார்கள். போட்டு வதக்க ஒன்றுமில்லை, வெறும் வாணலிதான் என்று அர்த்தம்.

அந்த வாணலியில் ஓர்சோலாவின் பெயர் கிடையாய்க் கிடந்தது. வாரா வாரம் அழித்து எழுதுவானேன் என்று ஜாச்சிந்தா அழிப்பதையே விட்டுவிட்டாள். போன வேட்டைப் பருவம் முடிந்து கோடையும் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

ஓர்சோலா ஒன்றும் கை நடுங்குகிற ஆள் இல்லை. பள்ளத்தாக்கின் தலைமாட்டு ஊருக்கு அரசாங்கப் பேருந்து ஓட்டுகிறவள். எதிரே மரலாரி வந்தால் கொண்டை ஊசி வளைவில் பின்னாலேயே வண்டியை எடுத்து வழி விடுவாள், பேச்சையும் நிறுத்த மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் காட்டுள்ளான் எழும்பினால் மட்டும் கோட்டை விடுவாள். நீள மூக்கும் வாடின இலை நிறமுமாய், காலடியிலிருந்து எழும்பி மரத்துக்கு மரம் வளைந்து போகும் அந்தப் பறவை அவளைப் பார்த்தால் பயப்படுவதையே விட்டுவிட்டது என்று வேட்டைக் குழுவில் கேலி.

"துப்பாக்கி சரியில்ல. எனக்குன்னு புதுசா ஒரு இரட்டைக்குழல் வாங்கப் போறேன்" என்றாள் ஓர்சோலா, செப்டம்பர் மாதத்து ஒரு சாயங்காலம், சோளக்களி கிண்டிக்கொண்டே.

அவள் புருஷன் ஜெர்வாசியோ குழாய் வேலை பார்க்கிறவன். கையில் எப்போதும் ஏதாவது ஒரு வளையத்தை வைத்துத் திருகிக்கொண்டிருப்பான். திருகலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"என் துப்பாக்கிக்கு என்ன குறைச்சல்? பக்கம் பக்கமா ரெண்டு குழல், தோள்ல வைக்கிற அந்தக் கட்டையில ஓடுற ரேகையைப் பாரு! இந்த ஊர்லயே அப்படி ஒரு வால்நட் மரம் கிடையாது. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு குழல் வெச்சதை நான் எடுத்துக்கிட்டு, என் உசிரையே உனக்குத் தூக்கிக் குடுத்தேன்."

"உசிரைத்தான் குடுத்தே. எனக்கு அது இடிக்குதுய்யா."

"அதெல்லாம் கட்டையில நீ கன்னம் வைக்கிற கோளாறு. துப்பாக்கி செய்யிற செவெரினோ கிட்டயே அப்போ காட்டினேனே, சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டான்ல?" என்றவன், குரலைக் கொஞ்சம் இறக்கி ஒன்று கேட்டான். "சரி, புதுசு வாங்குறே. அதுலயும் வாணலின்னா அப்புறம் யாரைச் சொல்லுவே?"

ஓர்சோலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுடைய பயமே அதுதான். இத்தனை நாளும் குறி தவறும்போதெல்லாம், 'நான் இல்லை, துப்பாக்கி' என்று மனசுக்குள் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. புதுசு வாங்கினால் அந்த மூலை போய்விடும். அப்புறமும் தவறினால் தவறினது அவளேதான். வாணலியில் பெயர் நிரந்தரம்.

ஆனாலும் மறுநாள் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு நேரே செவெரினோ பட்டறைக்குத்தான் போனாள். பயம் வேறு, பின்வாங்குவது வேறு.

உலகத்துக்கே துப்பாக்கி செய்து அனுப்புகிற பள்ளத்தாக்கு இது. பெரிய ஆலைகளுக்கு நடுவில் ஒற்றை ஆளாய், ஆற்றோரம் ஒரு பட்டறை வைத்துக்கொண்டு செவெரினோ காலம் தள்ளுகிறார். அவள் உள்ளே நுழைந்தபோது கட்டைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். இரும்பு வேலை எல்லாம் முடிந்த இரட்டைக்குழல் ஒன்று, எண்ணெய் காணாத வெளிறின கட்டையோடு பக்கத்தில் கிடந்தது.

"எடுத்துப் பாரும்மா. பிரெஸ்சியா நகரத்துக்காரர் ஒருத்தர் கேட்டார், அப்புறம் வேண்டாம்னுட்டார். கண்ணை மூடிக்கிட்டு தோள்ல வை. வெச்சதும் கண்ணைத் திற."

ஓர்சோலா அப்படியே செய்தாள். கண்ணைத் திறந்தபோது குழல் முனை எங்கேயோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டை அக்குளில் சட்டையைப் பிடித்திழுத்தது. அவள் முகம் விழுந்துவிட்டது.

"இதுவும் அப்படித்தான் இருக்கு. அப்ப நான்தான்போல" என்றாள்.

"என்ன நீதான்? அந்த ஆளு ஆறடி உசரம். கட்டையை அவருக்கு வெட்டியிருக்கேன்." செவெரினோ அவள் முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை உள்மடிப்பில் வைத்துப் பார்த்தார். விரல் விசைக்கு எட்டவே இல்லை. "பாத்தியா? ரெண்டு விரக்கடை வெட்டி எடுக்கணும். உன் வீட்டுத் துப்பாக்கிக்கும் இதையேதானே சொன்னேன். ஏன் இன்னும் வெட்டாம வெச்சிருக்கீங்க?"

"எப்போ சொன்னீங்க?"

"அவன் எடுத்துக்கிட்டு வந்தப்பவே. 'ஜெர்வாசியோ, இது உன் பொண்டாட்டி கைக்கு நீளம், தோளுக்கு வராது, புஜத்துலதான் உக்காரும், வெட்டிக் குடுக்கவா'ன்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னு போனான், போனவன் போனவன்தான்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "அவன் சொல்லலையா?"

ஓர்சோலா தன் புஜத்தைத் தடவிக்கொண்டாள். பருவம் முழுக்க அவள் வலது புஜத்தில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடக்கும். ஜெர்வாசியோதான் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிடுவான். தேய்த்துவிட்டு, கன்னத்தை நல்லா அழுத்தி வைக்கணும் என்று பாடமும் எடுப்பான். அடப் பாவி! தெரிந்தேதான் தேய்த்திருக்கிறான்.

அவளுக்கு மண்டையில் ரத்தம் ஏறினது புருஷன் மேல் மட்டும் இல்லை, தன் மேலும்தான். எந்தப் பேருந்தில் ஏறினாலும் அவள் முதலில் செய்வது இருக்கைக்கு அடியில் கையை விட்டு, அதைத் தன் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் இழுப்பது. இன்னொருத்தன் உட்கார்ந்த அளவில் உட்கார்ந்து பிரேக் போட்டால் வண்டி ஆற்றில்தான் நிற்கும். புதுசாய் வேலைக்கு வருகிற பயல்களுக்கெல்லாம் இதை அதட்டிச் சொல்லுகிறவள், இத்தனை வருஷமாய் இன்னொருத்தன் இருக்கையில் உட்கார்ந்தே வேட்டையாடியிருக்கிறாள்.

"வெட்டுங்க" என்றாள். "இது எனக்கு. வடக்கேருந்து உள்ளான் வந்து இறங்குறதுக்குள்ள வேணும்."

"யோசிச்சுக்கோ. வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது."

"எனக்கு ஒட்டவும் வேண்டாம். அதுல தவறினா நான்தான், நல்லாத் தெரியும். பரவாயில்ல. வெட்டுங்க!"

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "செவெரினோ என்னய்யா சொன்னார்?" என்று நேரே கேட்டாள். ஜெர்வாசியோ கையிலிருந்த வளையம் உருண்டு அடுப்புக்குக் கீழே போனது. அவன் அதைத் தேடுகிற சாக்கில் குனிந்தான்.

"முதல்ல நிமிர்ந்து பேசு."

"அந்தக் கட்டையில ரம்பம் வைக்க மனசு வரலடி" என்றான் ஒருவழியாய். "அந்த ரேகை அடிவரைக்கும் ஓடுது. ரெண்டு விரல் வெட்டினா எல்லாம் போயிடும்."

"மரத்துல ரம்பம் வைக்க மனசு வரல. என் தோள்ல வைக்க மட்டும் வந்துச்சா? கடையில அத்தனை பேரும் கைகொட்டிச் சிரிச்சப்ப நீயும் சேர்ந்துதானே சிரிச்சே?"

அவன் மறுபடி வளையத்தைத் தேடக் குனிந்தான். நிஜமாகவே சிரித்திருக்கிறான். அன்றிலிருந்து அந்த வீட்டில் களியும் சத்தமில்லாமல்தான் கிண்டப்பட்டது. வால்நட் கட்டைத் துப்பாக்கியை அவள் துடைத்து, எண்ணெய் போட்டு, அவன் படுக்கிற பக்கம் சாய்த்து வைத்துவிட்டாள். உன் உசிரை நீயே வைத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

புதுசு வந்து சேர்ந்தபோது மலையில் காட்டு மரங்களின் இலை பழுத்துவிட்டிருந்தது. கட்டை சாதாரண மரம், ரேகை என்று ஒன்றும் பெரிசாய் இல்லை. ஓர்சோலா சமையலறையில் நின்று கண்ணை மூடித் தோளில் வைத்தாள். திறந்தாள். குழல் முனை அவள் நினைத்த இடத்தில், சுவரில் ஆடிக்கொண்டிருந்த நாட்காட்டியின் ஆணி மேலேயே நின்றது. அவள் சிரித்தே விட்டாள்.

பருவத்தின் முதல் ஞாயிறு. ஈரத்தில் காடு மணந்தது. ஓர்சோலாவின் நாய் பீபா, கழுத்து மணி குலுங்க முன்னால் ஓடினாள். சரிவில் கொஞ்சம் தள்ளி ஜெர்வாசியோ, துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடியே வந்தான். அதைக் கையில் எடுக்கிற உத்தேசமே அவனிடம் தெரியவில்லை. குழுவில் மற்றவர்கள் இரண்டு மேடுகளுக்கும் பிரிந்து போயிருந்தார்கள்.

மணி நின்றது. பறவையின் மோப்பம் கிடைத்த பீபா ஒரு முள்புதருக்கு முன்னால் கல்லாய்ச் சமைந்துவிட்டாள். ஓர்சோலா இரண்டு எட்டு வைத்தாள். படபடவென்று எழும்பியது உள்ளான். துப்பாக்கி தோளுக்கு வந்த வேகத்தில் அவளே அசந்துபோனாள். அந்தத் திகைப்பில் முன்விசையை அழுத்திவிட்டாள். இலைதான் உதிர்ந்தது. இரண்டாவது குழலின் பின்விசைக்கு விரல் போவதற்குள் பறவை மரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

அது புதுத் துப்பாக்கி என்று எல்லாருக்கும் தெரியும். எதிர்மேட்டில் யாரும் கத்தவில்லை. ஜெர்வாசியோ வாயைத் திறந்து, பயந்து, மூடிக்கொண்டான்.

ஒளிய மூலை இல்லை. ஓர்சோலா நின்ற இடத்தில் நின்று மனசுக்குள் தேடிப் பார்த்தாள், வழக்கமாய் வருகிற அந்த எரிச்சல் வரவே இல்லை. அவசரப்பட்டுவிட்டோம் என்று தெரிந்தது. எவ்வளவு அவசரம் என்பதுகூடத் தெரிந்தது. இதற்கு முன்னால் ஏன் தவறுகிறது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை.

"வாணலி!" என்று அவளே தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்மேட்டில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

ஓடைக்கு மேலே பீபா மறுபடி நின்றாள். இந்த முறை ஓர்சோலா பறவையைக் கொஞ்சம் போக விட்டாள், முனை அதன் மூக்குக்கு முன்னால் வரட்டும் என்று பொறுத்தாள். ஒரே வெடி. உள்ளான் இலைக் குவியலில் விழுந்ததை முதலில் நம்பாதவள் பீபாதான். ஒரு தரம் எஜமானியைத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எடுக்கப் போனாள்.

மத்தியானம் ஜாச்சிந்தா கடையில் களியும் வைனுமாய் ஒரே சத்தம். சாப்பிட்டு முடித்ததும் ஓர்சோலா எழுந்து வாணலியை இறக்கி, தன் பழைய பெயரை ஈரத்துணியால் துடைத்தாள். சுண்ணாம்புக்கட்டி எங்கே என்று திரும்பினால் அது ஜெர்வாசியோ கையில் இருந்தது.

அவன் வாணலியை அவளிடமிருந்து வாங்கி, மேஜையில் கவிழ்த்து வைத்து, கோணல் கோணலாய்த் தன் பெயரை எழுதினான். முழுப் பெயர், குடும்பப் பெயரோடு.

"யோவ், இன்னிக்கு நீ ஒரு தோட்டாகூட வெடிக்கலையே, உன் பேரை எதுக்கு எழுதுறே?" என்று கேட்டாள் ஜாச்சிந்தா.

"நான் ரொம்ப வருஷமா தவறவிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஜாச்சிந்தா" என்றான் அவன். "இவ பேரை எழுதிட்டிருந்தீங்க."

ஓர்சோலா அவனையே பார்த்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது, பாதி தீர்ந்தது. அவன் கையிலிருந்து கட்டியைப் பிடுங்கி, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை அழுத்தி எழுதினாள்.

"காலையில தவறினது நான். அதை யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள். "மத்ததெல்லாம் உன்னோடது. போ, போய்த் தண்ணியைச் சுட வை."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். எல்லாருடைய தட்டையும் அவன் கழுவினான். தன் தட்டை மட்டும் ஓர்சோலா தானே கழுவிக்கொண்டாள்.