கொழுந்து மடுவத்தில் ஒரு தொலைக்காட்சி

பள்ளிக்கூடத்துக்கென்று வந்த தொலைக்காட்சிப் பெட்டி உத்தியோகத்தர் கிளப்பில் குந்திக்கொண்டு நான்கு மாதமாகிறது. தீபாவளிக்கு முன் வந்தது. 1983 பிறந்து மாசியும் வந்துவிட்டது. கேட்டால் ஒரே பதில்: பள்ளிக்கூடத்தில் கரண்டு இல்லை. ஏன் இல்லை? றக்வானைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவின் நாய்க்கூண்டுக்கு விளக்கு எரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் ஒற்றை மண்டபத்துக்கு ஒரு கம்பி இழுக்க நாதியில்லை!

தலைமை ஆசிரியை பரிமளம் பொறுத்தாள். தைப்பொங்கல் முடிந்த கையோடு வந்த ஒரு பார்சல்தான் அவள் பொறுமையை உடைத்தது. முந்திய ஆண்டு தோட்டத்தைப் பார்த்துப்போன வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி பள்ளிக்குக் கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தாள். சிலேட்டைவிடச் சிறிய கறுப்புப் பெட்டி. அதற்கென்று திரை கிடையாது. தொலைக்காட்சியின் ஏரியல் துளையில் அதன் வயரைச் செருகினால்தான் அது நினைப்பது வெளியே தெரியும். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தாள் பரிமளம். தொழிலாளர் லயத்தில், கரண்டில்லாத தன் ஒற்றை அறைக் காம்பிராவில், உயிரில்லாத அந்தப் பொத்தான்களை அழுத்தி அழுத்தி மூன்று வாரம் பழகினாள். அதன் பிறகுதான் பெரிய கிளாக்கரிடம் போய்த் தொலைக்காட்சியைக் கேட்டாள்.

பெரிய கிளாக்கர் பழனியப்பன் வேற்று ஊர்க்காரர் அல்லர். இதே தோட்டத்துப் பத்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவர். "கிளப்பிலேயே காட்டுங்க டீச்சர்" என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார். ஆனால் புதன்கிழமை முற்பகல் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றபோது வாசலை மறித்தார்.

"தரைக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டிருக்கு. புள்ளைங்க ஜன்னல் வழியா பாக்கட்டும்."

"காலைக் கழுவிட்டு வரச் சொல்றேங்கய்யா."

"கழுவினாலும் இது கிளப்பு டீச்சர். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

பரிமளம் மட்டும் உள்ளே போனாள். வயரைச் செருகினாள்; குமிழைத் திருகினாள். திரை முழுவதும் எறும்பு மொய்த்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். எறும்புகள் மறைந்து திரை வெளுத்தது. அடியில் ஒரே ஒரு கறுப்புக் கட்டம் வந்து நின்றது. மூன்று வாரம் செத்துக் கிடந்த பொறி கண் விழித்துவிட்டது! அவள் திரும்பினாள். ஒற்றை ஜன்னல், அதன் கம்பிகளில் பத்து முகங்கள்.

"டீச்சர், என்னா தெரியுது?" என்று பின்னாலிருந்து கத்தினாள் மருதாயியின் மகள் இராஜம். "எங்களுக்கு முன்னால நிக்கிற பய ஐயாவு மண்டைதான் தெரியுது!"

அந்த நேரம் பார்த்துப் பழனியப்பன் ஒரு காகிதத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க. பின்னேரம் பஸ்ஸுல கல்விக் கந்தோருக்குப் போகணும்."

கல்வி அலுவலகத்துக்கான அறிக்கை அது. தட்டெழுதப்பட்டிருந்தது: நூற்றுப் பன்னிரண்டு மாணவரும் வகுப்பறையில் கண்டு பயனடைந்தனர்.

"எந்த வகுப்பறையில ஐயா? யாரு கண்டாங்க?"

"ஒரு பேச்சுக்கு எழுதுறதுதானே. காட்டலைன்னு எழுதினா ரெண்டு பெட்டியையும் டவுன் ஸ்கூலுக்குக் கொடுத்துருவாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

பரிமளம் காகிதத்தை வாங்கவில்லை. பொய்யில் கையெழுத்திட்டால் பெட்டி கிளப்புக்கு, மறுத்தால் டவுனுக்கு. இரண்டு வழியிலும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஐயாவுவின் பின்மண்டை! மலையைத் திருத்தியவை இந்தக் கால்கள். பாதை வெட்டியவை இந்தக் கால்கள். இந்தத் தோட்டத்தில் கரண்டு எரியும் ஓரிடத்திலாவது இந்தக் கால்கள் நுழையக்கூடாதா?

ஓரிடம் இருந்தது. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய மடுவம். கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே காலில் சேற்றோடும் அட்டைப்பூச்சியோடும் ஓடி வா என்று அதட்டித்தான் கூப்பிடுவார்கள்.

வயரைப் பிடுங்கினாள். பகல் நிறுவைக்குக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த பெண்களை வாசலில் நின்று கூவி அழைத்தாள். "இது நம்ம புள்ளைங்க பெட்டி. மடுவத்துக்குத் தூக்குவீங்களா?"

"அறுவது ராத்தல் தூக்குற முதுகு, இந்தக் கண்ணாடிப் பெட்டிய தூக்காதா?" என்று முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள் இருளாயி. பின்னால் மருதாயி. சிவப்புப் பாலிஷில் நான்கு சேற்றுக் கால்கள்.

"ஏய், காலு! காலு!" என்று அலறினார் பழனியப்பன்.

"காலு இல்லாம எப்படிங்கய்யா நடக்கிறது?"

மடுவத்தில் எஞ்சின்காரன் கன்னையா சிரித்துக்கொண்டே பிளக்கைக் காட்டினான். "சரி டீச்சர், கரண்டு நான் தர்றேன். லொக்கு மாத்தயா, நம்ம பெரிய துரை கேட்டா, கொழுந்து வாட்டுற விசிறி ஓடுதுன்னு சொல்லிக்கிறேன்."

தராசுக்குப் பக்கத்தில், கவிழ்த்த கூடையின் மேல் கம்ப்யூட்டர். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் கொழுந்துச் சாக்குகளின் மேல். பரிமளம் பழகிய விரல்களால் தட்டினாள். ஏழாம் வாய்ப்பாடு திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பிள்ளைகளின் குரலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"பதினேழு ஏழு எவ்வளவுன்னு கேளுங்க டீச்சர்!" என்றாள் இராஜம். "அதுக்குத் தெரியாது!"

119 என்றது திரை. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள், பிறகு கத்தினார்கள். தராசுக்குக் காத்து நின்ற பெண்களும் கத்தினார்கள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த பழனியப்பன் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கினாள் பரிமளம். 'வகுப்பறையில்' என்ற சொல்லை அடித்தாள். 'கொழுந்து மடுவத்தில், பள்ளியில் மின்சாரம் இல்லாமையால். தொலைக்காட்சி நான்கு மாதம் கிளப்பில் இருந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இத நான் துரைக்கு எப்படிக் காட்டுறது?"

"வாசிச்சே காட்டுங்கய்யா."

"பெட்டியத் திரும்பக் கொண்டுபோய் வைங்க!" என்று உறுமினார் அவர். கன்னையா எஞ்சினைப் பார்த்தான். பெண்கள் தராசைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. தோட்டத்து உத்தியோகத்தர் தம் குடையைக்கூடத் தாமே தூக்கமாட்டார், அதுவும் வழக்கம்தான்.

"பாரம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் இருளாயி. "நீங்களே தூக்கிருவீங்க."

பழனியப்பனின் கை பெட்டியின் மேல் ஒரு கணம் படிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் அந்தக் கையையே பார்த்தார்கள். கையை எடுத்துக்கொண்டார். அவரால் தூக்க முடிந்தது அந்தக் காகிதம் ஒன்றைத்தான். அதை மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பரிமளம் ஏழாம் வாய்ப்பாட்டை அழித்துவிட்டு எட்டைத் தட்டினாள்.